இறக்கும் வேளைக்கென எழுதிய மரியன்னைப் பாடல்: துஃபாயின் ‘ஆவே ரெஜீனா சேலோரும்’, கேட்கவும் பாடவும் ஒரு வழிகாட்டி

ஐரோப்பியத் திருச்சபை இசையைப் புதிதாகக் கேட்க வருபவர்களின் கையில் பெரும்பாலும் சமயக் கதையைப் பாடிச் சொல்லும் நீண்ட ஒரடோரியோ ஒன்றோ, முழு வாத்தியக்குழுவோடு கூடிய திருப்பலி இசை ஒன்றோதான் முதலில் கொடுக்கப்படுகிறது. அதைவிட நல்ல வாசல் ஒன்று உண்டு என்பது என் உறுதியான எண்ணம். நான்கு குரல்களுக்காக எழுதப்பட்டு, வாத்தியத் துணை தேவைப்படாமல், எட்டு நிமிடத்துக்கு முன்பின்னாக முடிந்துவிடும் கியோம் துஃபாயின் ‘ஆவே ரெஜீனா சேலோரும்’ என்ற பாடலையே சொல்கிறேன். 15ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த இசையமைப்பாளர்களில் ஒருவர், தம் உயிர் பிரியும் நேரத்தில் படுக்கையருகே பாடப்பட வேண்டும் என்று உயிலில் எழுதிவைத்த பாடல் அது. தயாரிப்பு எதுவும் இல்லாமல் கேட்டால் இனிமையான ஓசை என்று சொல்லி நகர்ந்துவிடுவோம். சில மாலைப் பொழுதுகளை ஒதுக்கிப் படிப்படியாக அணுகினால், ஒரு மனிதர் தம் பெயரைச் சொல்லி மன்றாடுவது காதில் விழும். அந்தப் படிகளைத்தான் இங்கே வரிசையாகச் சொல்லப்போகிறேன்.

முதற்படி: நான்கு பல்லவிகளையும் அறிந்துகொள்ளுங்கள்

கத்தோலிக்கத் திருச்சபையின் திருப்புகழ்மாலையில், நாளின் கடைசி மன்றாட்டாகிய இரவுச் செபம் மரியன்னையை நோக்கிய ஒரு பாடலோடு நிறைவுபெறும். இந்த இறுதிப் பாடல்களையே மரியன்னைப் பல்லவிகள் என்கிறோம். அவற்றுள் நான்கு நெடுங்காலமாக வழக்கில் நிலைத்தவை. ‘ஆல்மா ரெதெம்ப்தோரிஸ் மாத்தெர்’ திருவருகைக் காலம் தொடங்கிப் பிப்ரவரி 2 வரையிலும், ‘ஆவே ரெஜீனா சேலோரும்’ அங்கிருந்து புனித வாரத்தின் புதன் வரையிலும், ‘ரெஜீனா சேலி’ உயிர்ப்புக் காலம் முழுவதும், ‘சால்வே ரெஜீனா’ ஆண்டின் எஞ்சிய மாதங்களிலும் பாடப்படுவது மரபு.

தமிழ்க் கத்தோலிக்க வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இவற்றில் இரண்டு ஏற்கெனவே பழக்கமானவை. செபமாலையின் முடிவில் பலரும் சொல்லும் ‘கிருபை தயாபத்து’ மன்றாட்டு ‘சால்வே ரெஜீனா’தான். உயிர்ப்புக் காலத்தில் மூவேளைச் செபத்துக்குப் பதிலாகச் சொல்லப்படும் ‘விண்ணக அரசியே’ என்ற செபம் ‘ரெஜீனா சேலி’தான். தவக்காலத்துக்குரிய ‘ஆவே ரெஜீனா’ நம்மிடையே அவ்வளவாகப் புழங்குவதில்லை. ஆகவே பெரும்பாலான வாசகர்கள் இதைப் புதிதாகவே சந்திக்கிறார்கள், அதில் குறையொன்றும் இல்லை.

இரண்டாம் படி: பழைய மெட்டை மனப்பாடம் செய்யுங்கள்

பலரும் தாண்டிப்போகும் படி இது. என் பார்வையில் மற்ற எல்லாப் படிகளையும்விட இதுவே முக்கியமானது. துஃபாய் வெற்றுத் தாளில் இருந்து ஒரு மெட்டைப் புனையவில்லை. தமக்கு முன்பே பல தலைமுறைகளாக ஆலயங்களில் ஒற்றைக் குரலில் பாடப்பட்டு வந்த கிரகோரியப் பல்லவியை எடுத்து, அதை நடுவில் ஒலிக்கும் ஆண்குரலாகிய டெனரில் முதுகெலும்பாக வைத்து, மற்ற குரல்களை அதைச் சுற்றி நெய்தார். அவர் காலத்தில், அவர் வாழ்ந்த காம்ப்ரே நகரின் பேராலயத்தில் இருந்தவர்களுக்கு அந்த மெட்டு நாவிலேயே இருந்தது. நமக்கு இல்லை. அந்த இடைவெளியை நாமேதான் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பல்லவிக்கு இரண்டு மெட்டுகள் உண்டு. ஓர் அசைக்குப் பெரும்பாலும் ஒரு சுரம் வரும் எளிய மெட்டு பிற்காலத்தது. அசைகள் நீண்டு வளைந்து செல்லும் பெருவிழா மெட்டே பழையது, துஃபாய் எடுத்தாண்டதும் அதன் ஒரு வடிவத்தைத்தான். ‘லீபெர் உசுவாலிஸ்’ என்ற கிரகோரியப் பாடல் தொகுப்பில் இரண்டுமே அச்சாகியிருக்கின்றன. துறவியர் குழுக்கள் பாடிய ஒலிப்பதிவுகளும் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. அன்றைய மறைமாவட்டங்களில் மெட்டுக்குச் சிறுசிறு வேறுபாடுகள் இருந்தன, துஃபாயும் தம் விருப்பப்படி அதை அழகுபடுத்தியிருக்கிறார். எனவே ஒவ்வொரு சுரமும் அப்படியே பொருந்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மெட்டின் உருவம் மனதில் பதிந்தால் போதும்.

கர்நாடக இசை சற்றே அறிந்தவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. கைப்பேசியில் தம்பூரா செயலியைப் போட்டு, மெட்டு வந்து முடியும் சுரத்தைச் சட்ஜமாக வைத்துப் பாடிப் பாருங்கள். சங்கராபரணத்துக்கு நெருக்கமான சுரவரிசையில், அந்தர காந்தாரத்தோடு மெட்டு நடப்பதை உடனே உணர்வீர்கள். அந்தக் காந்தாரத்தை நன்றாகக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள், பின்னால் அது தேவைப்படும். துணையின்றி முழுப் பல்லவியையும் உங்களால் முனக முடிகிறபோது அடுத்த படிக்குப் போகலாம்.

மூன்றாம் படி: வரிகளைப் படியுங்கள், இடைச்செருகல்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

மூலப் பல்லவியின் பொருள் எளிமையானது. விண்ணகங்களின் அரசியே வாழ்க, வானதூதர்களின் தலைவியே வாழ்க. உலகுக்கு ஒளி தோன்றக் காரணமான தூய வேரே வாழ்க. மாட்சிமிக்கவளே, அனைவரிலும் அழகானவளே, மகிழ்வாய். பேரழகியே, விடைபெறுகிறோம், எங்களுக்காக என்றும் கிறிஸ்துவிடம் மன்றாடுவாய். முழுக்க முழுக்க வாழ்த்தும் வணக்கமும்தான். பாடுபவர் யார், அவருக்கு என்ன குறை என்பது கடைசி வேண்டுதல் வரை தெரியாது.

துஃபாய் இந்த வாழ்த்துகளுக்கு நடுவே நான்கு இடங்களில் புதிய வரிகளைச் செருகினார். நான்கிலும் ‘மிசெரேரே’, அதாவது ‘இரங்கும்’ என்ற மன்றாட்டு ஒலிக்கிறது. வானதூதர்களின் தலைவியை வாழ்த்திய உடனே, “வீழ்ந்துகொண்டிருக்கும் உம் துஃபாய்மீது இரங்கும், பாவிகளுக்கு உரிய கொதிக்கும் நெருப்பில் அவன் விழாதபடி” என்று வருகிறது. உலகின் ஒளியைப் பற்றிய வரிக்குப் பின், “ஆண்டவரின் தாயே, வலுவற்றவனுக்கு விண்ணகக் கதவு திறக்கும்படி இரங்கும்” என்று வருகிறது. அனைவரிலும் அழகானவளே என்ற வாழ்த்துக்குப் பின், “மன்றாடும் துஃபாய்மீது இரங்கும், அவனுடைய சாவு உம் திருமுன் அழகியதாக அமைவதாக” என்கிறார். மரியன்னைக்குச் சூட்டப்பட்ட அழகை அடுத்த மூச்சில் தம் சாவுக்கும் கேட்கிறார். ஆண்டவர் பார்வையில் அவர் அடியார்களின் சாவு அருமையானது என்று சொல்லும் 116ஆம் திருப்பாடலும் அந்த வரியின் பின்னால் கேட்கிறது. கடைசிச் செருகலில் மட்டும் ‘நான்’ மறைந்து ‘நாங்கள்’ ஆகிறது. நாங்கள் தண்டனைக்கு உள்ளாகாதபடி எங்கள்மீது இரங்கும், இறப்பின் வேளையில் எங்கள் உள்ளங்கள் அழகாயிருக்கத் துணைசெய்யும் என்று வேண்டுதல் எல்லாருக்குமாக விரிகிறது.

நம் வாக்கேயக்காரர்கள் கீர்த்தனையின் சரணத்தில் தம் முத்திரையை வைப்பது வழக்கம் என்பதால், பாட்டுக்குள் பெயர் வருவது தமிழ் வாசகருக்கு வியப்பாக இருக்காது. ஆயினும் இங்கே பெயர் வரும் இடத்தைக் கவனிக்க வேண்டும். தாம் இயற்றிய பாடல் இது என்பதற்கு அடையாளமாக அது வரவில்லை. திருச்சபை முழுவதுக்கும் பொதுவான ஒரு செபத்தின் நடுவில், தீர்ப்புக்கு அஞ்சும் ஒருவராக இரண்டு முறை தம்மைப் பெயர் சொல்லி முன்னிறுத்துகிறார்.

ஒரு தாளில் மூல வரிகளைக் கறுப்பு மையிலும் செருகிய வரிகளைச் சிவப்பு மையிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேட்கும்போது அந்தத் தாள் கையில் இருக்கட்டும்.

நான்காம் படி: மனிதரையும் ஊரையும் பற்றிச் சிறிது

வாழ்க்கை வரலாறு முழுவதையும் படிக்கத் தேவையில்லை. 1397 வாக்கில், இன்றைய பெல்ஜியத்தில் பிரசல்சுக்கு அருகே பிறந்தவராகக் கருதப்படும் துஃபாய், இன்று வடபிரான்சில் உள்ள காம்ப்ரே நகரின் பேராலயத்தில் சிறுவனாகப் பாடக் கற்று, பின் திருத்தந்தையின் பாடகர் குழு உட்பட இத்தாலியின் பல இடங்களில் பணியாற்றினார். 1436இல் ஃபுளோரன்ஸ் பேராலயத்தின் அர்ச்சிப்புக்குப் பாடல் அமைத்தவரும் அவரே. முதுமையில் காம்ப்ரேக்கே திரும்பி, அந்தப் பேராலயத்தின் குருக்குழு உறுப்பினராக வாழ்ந்தார். நாம் பேசும் பாடலைப் பேராலயத்துக்காகப் படியெடுத்த கணக்கு 1464-65ஆம் ஆண்டுக் கணக்கேடுகளில் இருக்கிறது. அப்படியானால், இறப்பதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே அவர் இதை எழுதி முடித்திருந்தார்.

1474 ஜூலை 8 அன்று எழுதிய உயிலில் அவர் விரிவாகச் சொல்லியிருக்கிறார். நோயில்பூசுதல் பெற்றபின், சாவு நெருங்கும்போது, பேராலயப் பாடகர்கள் எட்டுப் பேர் படுக்கையருகே தாழ்ந்த குரலில் ஒரு கீதத்தைப் பாட வேண்டும்; அதன்பின் பீடச் சிறுவர்களும் அவர்களின் ஆசிரியரும் மேலும் இரண்டு பாடகர்களும் சேர்ந்து இந்த ‘ஆவே ரெஜீனா’வைப் பாட வேண்டும். அவ்வாண்டு நவம்பர் 27 அன்று அவர் இறந்தபோது அதற்கு நேரம் வாய்க்கவில்லை. பாடல் பின்னர் பேராலயத்தில், அவருடைய இறுதிச் சடங்கின்போது பாடப்பட்டது.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு அந்தப் பேராலயம் விற்கப்பட்டு இடிக்கப்பட்டது. துஃபாயின் கல்லறைக் கல், உயிர்த்தெழும் கிறிஸ்துவின் முன் அவர் முழந்தாளிட்டிருக்கும் சிற்பத்தோடு, 1859இல் ஒரு கிணற்றின் மூடியாகக் கிடந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டு, இன்று லீல் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவருடைய கையொப்பத்தைப் பார்க்க வாய்த்தால் தவறவிடாதீர்கள். பெயரின் நடுவில் வரும் ‘ஃபா’வை எழுத்தாக எழுதாமல், சிறு கோடுகள் வரைந்து அதன்மேல் ஃபா சுரத்தையே குறித்திருப்பார்.

ஐந்தாம் படி: கேட்பது

நேரடியாக நான்கு குரல் பாடலுக்குப் போகாமல், துஃபாயின் சிறிய படைப்பு ஒன்றால் காதைப் பழக்கிக்கொள்வது நல்லது. மூன்று குரல்களுக்கு அவர் அமைத்த ‘ஆல்மா ரெதெம்ப்தோரிஸ் மாத்தெர்’ இரண்டில், மேற்குரல் மட்டும் தனியே பல்லவியின் ஏறுமுகமான தொடக்கத்தைப் பாடி ஆரம்பிக்கும் ஒன்று உண்டு. அதன் முடிவில் மூன்று குரல்களும் நெடிய சுரங்களில் ஒன்றாக நின்று நின்று பாடும். ஒரு பழைய மெட்டு எப்படிப் பல்குரல் இசையாக மலர்கிறது என்பது அதில் வெளிப்படையாகத் தெரியும்.

பிறகு ‘ஆவே ரெஜீனா’வை எடுங்கள். பழங்கால இசைக்கென்றே இயங்கும் ஐரோப்பியக் குழுக்கள் பல இதைப் பதிவுசெய்திருக்கின்றன. குரலுக்கு ஒருவரோ இருவரோ பாடும் பதிவைத் தேர்ந்தெடுங்கள், பெரிய குழு பாடினால் இழைகள் ஒன்றோடொன்று கலங்கிவிடும். முதன்முறை தாளைப் பார்க்காமல் முழுவதும் கேளுங்கள். இரண்டாம் முறை தாளைப் பார்த்தபடி, சிவப்பு வரிகள் வருமிடங்களை மட்டும் கவனியுங்கள். மூன்றாம் முறை டெனரைத் தேடுங்கள். மற்றக் குரல்கள் வளைந்து ஓடிக்கொண்டிருக்க, நீங்கள் மனப்பாடம் செய்த மெட்டு நடுவிலிருந்து எழும். அதை அடையாளம் காணும் கணத்திலிருந்து இந்தப் பாடல் உங்களுக்கு வேறாகிவிடும்.

பாடல் இரண்டு பகுதிகளாக அமைந்தது. முதற்பகுதி மும்மூன்றாக எண்ணும் நடையில் அகன்று செல்கிறது. ‘காவுதே’ என்று, ‘மகிழ்வாய்’ எனத் தொடங்கும் இரண்டாம் பகுதி இரட்டை எண்ணிக்கைக்கு மாறுகிறது. நான் உங்களைக் கூட்டிச்செல்ல விரும்பும் இடம் இந்த இரண்டாம் பகுதியில்தான் இருக்கிறது. அனைவரிலும் அழகானவளே என்ற வாழ்த்து, அந்தர காந்தாரம் ஒலிக்கும் மேஜர் சாயலில் ஒளியோடு முடிந்தபின், ‘மிசெரேரே’ என்று குரல்கள் சேரும்போது ஈ சுரம் அரைச்சுரம் தாழ்ந்து ஈ ஃபிளாட் ஆகிறது. சி-யைச் சட்ஜமாகக் கொண்டால், இவ்வளவு நேரம் கேட்டுவந்த அந்தர காந்தாரம் போய்ச் சாதாரண காந்தாரம் வந்து நிற்கிறது. மாறுவது ஒரேயொரு சுரத்தானம்தான், ஆனால் முழு வெளியும் இருண்டுபோகிறது. அந்த இருளுக்குள்தான் “மன்றாடும் துஃபாய்” என்ற பெயர் உச்சரிக்கப்படுகிறது. பழைய மெட்டின் காந்தாரத்தை முன்பே காதில் ஏற்றிவைத்தவருக்கு இந்த மாற்றம் உடலிலேயே தெரியும். ஏற்றாதவருக்கு அழகான ஓர் இடமாக மட்டும் கடந்துபோகும். இரண்டாம் படியை அவ்வளவு வற்புறுத்தியதன் காரணம் இதுதான்.

ஆறாம் படி: பாடிப் பார்ப்பது

ஐந்து கோடுகளில் எழுதும் மேலை இசைக் குறியீட்டை (ஸ்டாஃப் நொட்டேஷன்) படிக்கத் தெரிந்த நான்கு பேர் இருந்தால் முயலலாம். பங்குப் பாடகர் குழுவின் கிறிஸ்துமஸ் பாடல்களைவிட இது கடினம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சுருதியைவிடத் தாளமே சோதிக்கும், ஏனெனில் நான்கு குரல்களின் அழுத்தங்களும் ஒரே இடத்தில் விழுவதில்லை.

இசைத்தாள்களுக்கு, பதிப்புரிமை நீங்கிய பாடற்குழு இசையைத் தொகுத்து இலவசமாகத் தரும் இணைய நூலகங்களில் தேடுங்கள். நூலக வசதி உள்ளவர்கள் ஹைன்ரிக் பெசலர் பதிப்பித்த துஃபாய் முழுத் தொகுப்பைப் பார்க்கலாம். தாளில் சில சுரங்களின் தலைக்கு மேலே சுரத்தை அரைச்சுரம் ஏற்றும் ஷார்ப், இறக்கும் ஃபிளாட் குறிகள் சிறிதாக இருந்தால், அவை மூலக் கையெழுத்துப் படியில் இல்லாமல், அக்கால வழக்கத்தை ஒட்டிப் பதிப்பாசிரியர் பரிந்துரைப்பவை. அவற்றைக் குழுவாகப் பேசி முடிவு செய்யலாம். ‘மிசெரேரே’யின் ஈ ஃபிளாட்டுகளை மட்டும் யார் பேச்சைக் கேட்டும் விட்டுவிடாதீர்கள்.

அன்று நிலையான சுருதி என்று ஒன்று இருக்கவில்லை. ஆகவே உங்கள் குரல்களுக்கு ஏற்றபடி முழுப் பாடலையும் ஏற்றவோ இறக்கவோ தயங்க வேண்டாம். மேற்குரலைப் பெண்களோ சிறுவர்களோ பாடலாம், நடுவில் உள்ள இரண்டுக்கும் உயர்ந்த ஆண்குரல்கள் பொருந்தும், அது கிடைக்காவிட்டால் தாழ்ந்த பெண்குரல்கள் ஒன்றை ஏற்கலாம்.

பயிற்சியை டெனரிலிருந்து தொடங்குங்கள். நான்கு பேரும் டெனர் பகுதியை ஒன்றாகப் பாடிக் கற்க வேண்டும், பிறகே அவரவர் பகுதி. அடுத்து, டெனரோடு மற்ற ஒவ்வொரு குரலையும் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பாருங்கள். கையை மெதுவாக இறக்கி ஏற்றி எல்லாரும் ஒரே எண்ணிக்கையைக் காட்டிக்கொண்டே பாடுவது அக்காலப் பாடகர்களின் வழக்கம், இன்றும் அது நன்றாகவே உதவுகிறது. தாளில் எண்ணிக்கையைப் பிரிக்கும் செங்குத்துக் கோடுகள் வருமிடமெல்லாம் அழுத்தினால் பாடல் துண்டு துண்டாகிவிடும். சொல்லின் அழுத்தம் எங்கே விழுகிறதோ அங்கே மட்டும் குரல் சாயட்டும். மூச்சைச் சொற்றொடரின் நடுவில் இழுக்காமல், தொடர் முடிவில் எடுங்கள்.

இலத்தீன் உச்சரிப்பில் இன்றைய குழுக்கள் பலவும் இத்தாலிய முறையைப் பின்பற்றுகின்றன, புதியவர்களுக்கும் அதுவே எளிது. ‘சேலோரும்’ என்பதன் முதலெழுத்தைச் ‘சாமி’யில் வருவதுபோல் மென்மையாகச் சொல்லாமல், ‘பச்சை’யில் வருவதுபோல் அழுத்திச் சொல்ல வேண்டும். ‘எக்ஷெல்சிஸ்’, ‘ஜெனித்ரிக்ஸ்’ ஆகியவற்றைத் தனியே சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். உயிரெழுத்துகள் தமிழில் போலவே தெளிவாக ஒலிக்க வேண்டும் என்பதால் நமக்கு இதில் பெரிய இடர் இல்லை.

‘மிசெரேரே’ பகுதிக்கு வரும்போது குரலை உயர்த்தி உணர்ச்சி காட்ட வேண்டும் என்று தோன்றும். அதைத் தவிர்த்துவிடுங்கள். படுக்கையருகே பாட வந்தவர்கள் அறை அதிரப் பாடியிருக்க மாட்டார்கள், சுரமாற்றமே வேண்டிய வேலையைச் செய்துவிடும். வேகத்தையும் குறைக்காமல், ‘துஃபாய்’ என்ற பெயரை மற்றச் சொற்களைப் போலவே நேராகச் சொல்லிச் செல்லுங்கள்.

எப்போது பாடலாம் என்றால், மரபுப்படி பிப்ரவரி 2 முதல் புனித வாரத்தின் புதன் வரை இதற்குரிய காலம். இறந்தோர் நினைவாக நவம்பரில் நடக்கும் வழிபாடுகளுக்கும் இதன் வரிகள் பொருந்தும். ஆனால் திருப்பலியின் நடுவில் செருகுவதைவிட, வழிபாடு முடிந்தபின் தனியாகப் பாடுவதே மேல் என்பேன். கேட்பவர்களுக்கு வரிகளின் தமிழ்ப் பொருளை முன்னதாக அச்சிட்டுக் கொடுத்துவிடுங்கள். இயன்றால் பழைய ஒற்றைக் குரல் பல்லவியை முதலில் ஒருவர் பாடட்டும், சற்று இடைவெளிவிட்டுப் பிறகு நான்கு குரல் பாடலைத் தொடங்குங்கள்.

இதைக் கற்று முடித்தவர்கள் அடுத்ததாகத் துஃபாய் இதே பல்லவியின் மீது அமைத்த ‘மிசா ஆவே ரெஜீனா சேலோரும்’ என்ற திருப்பலி இசையைக் கேட்கலாம். ஐந்து பகுதிகளையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டியதில்லை. கடைசியில் வரும் ‘ஆக்னுஸ் தேயி’யை மட்டும் எடுத்து, அதன் இரண்டாம் வேண்டுதலைக் கவனியுங்கள். உலகின் பாவம் போக்கும் இறைவனின் செம்மறியே, எங்கள்மீது இரக்கம் வையும் என்று கேட்கும் அந்த இடத்தில், துஃபாய் தம் பெயரைச் சொல்லி மன்றாடிய அதே ‘மிசெரேரே’ இசையை, அதே ஈ ஃபிளாட்டோடு மீண்டும் வைத்திருக்கிறார்.